ரைடிங் பூட்ஸ்: எங்கே வலிக்கிறது, எங்கே வழுக்குகிறது

குதிரையேற்றம் பழக ஆரம்பித்த முதல் மாதத்தில் கால் எங்காவது வலிக்கத்தான் செய்யும். தொடை வலித்தால் அது பழகாத தசை. சில வாரங்களில் சரியாகிவிடும். முழங்காலுக்குக் கீழே வலித்தாலோ, தோல் உரிந்தாலோ, கால் ஸ்டிரப்பில் நிலையாக நிற்காமல் போனாலோ, பெரும்பாலும் பூட்ஸில் ஏதோ சரியில்லை, இல்லையென்றால் ஸ்டிரப்பில் ஏதோ சரியில்லை. எது என்று பார்க்காமல் புது பூட்ஸ் வாங்கினால் பணம்தான் போகும், வலி அப்படியே இருக்கும். அதனால் முதலில் அறிகுறி, பிறகு சோதனை, கடைசியில் கடை.

இங்கே சொல்வது இங்கிலீஷ் சேணத்தில் (முன்னால் கொம்பு இல்லாத வகை) பழகுபவர்களுக்கு. ஸ்டிரப் என்பது சேணத்திலிருந்து தோல்வாரில் தொங்கும் இரும்பு மிதி, தமிழில் அங்கவடி. லாயத்தில் எல்லோரும் ஸ்டிரப் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே.

இன்னும் எதுவும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கணுக்கால் உயரத்துக்கு ஒரு ஜோத்பூர் பூட்ஸ் அல்லது பேடக் பூட்ஸ், அதன்மேல் முழங்கால்வரை ஹாஃப் சாப்ஸ், அதாவது ஆடுசதையைச் சுற்றி ஜிப் போட்டு மூடும் உறை. தொடக்கத்துக்கு இந்த ஜோடி போதும். முழங்கால்வரை ஒரே தோலில் வரும் லாங் பூட்ஸ் அழகுதான், ஆனால் பாதம், கணுக்கால், ஆடுசதை, உயரம் என்று நான்கு இடமும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் முழுதும் வீண். ஜோடியாக வாங்கினால் பிசகிய பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜோத்பூர் என்ற பெயர் ராஜஸ்தானின் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்குச் சென்ற சர் பிரதாப் சிங்கின் போலோ அணி அணிந்திருந்த, ஆடுசதையை ஒட்டிப்பிடிக்கும் கால்சட்டையை இங்கிலாந்து விரும்பி எடுத்துக்கொண்டது. அந்தக் கால்சட்டைக்கு உயரமான பூட்ஸ் தேவைப்படவில்லை. குட்டையான பூட்ஸே போதுமானதாக இருந்தது.

கால் ஸ்டிரப்புக்குள் வழுக்கி, புறங்கால்வரை போய்விடுகிறது

மற்ற எல்லாக் கோளாறும் வலியோடு முடியும். இது உயிரோடு விளையாடும். விழும்போது பாதம் ஸ்டிரப்பைத் தாண்டி உள்ளே போய்ச் சிக்கினால், மிரண்ட குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும். ஆகவே இந்த அறிகுறி தெரிந்த அன்றே சவாரியை நிறுத்திவிட்டுக் காலணியைப் பாருங்கள்.

பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் ஷூவாக இருக்கும். அதன் அடி, முன்னிருந்து பின்வரை ஒரே மட்டம். ஸ்டிரப்பைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ரைடிங் பூட்ஸின் குதிகால் கட்டை ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. உயரம் இருக்க வேண்டும். உயரத்தைவிட முக்கியம் அந்தக் கட்டையின் முன்முகம்: அது படிக்கட்டுபோல் நேராக இறங்க வேண்டும். பாதத்தோடு சரிந்து ஒட்டிப்போகும் வெட்ஜ் மாதிரி அடியில் குதிகால் உயரமாக இருந்தாலும் ஸ்டிரப் அதன்மேல் வழுக்கிப் போய்விடும். ஃபேஷன் கடைகளில் ரைடிங் பூட்ஸ் என்ற பெயரிலேயே விற்கும் பலவற்றில் இந்தக் குறை உண்டு.

குதிகால் சரியாக இருந்தும் வழுக்கினால் அடித்தோலைத் தடவிப் பாருங்கள். வழவழப்பான தோல் அடி, ஈர மண்ணை மிதித்துவிட்டு இரும்பில் ஏறினால் நிற்காது. ஸ்டிரப்பின் மிதியில் ரப்பர் பட்டை இருக்கிறதா, தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். பட்டையை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றலாம்.

குழந்தைகள் விஷயத்தில் காரணம் வேறு. பெரியவர்களின் ஸ்டிரப்பில் சின்னப் பாதம் முழுதாக உள்ளே நுழைந்துவிடும். குதிகால் கட்டை இருந்தும் பயனில்லை. குழந்தையின் பூட்ஸுக்கேற்ற சின்ன ஸ்டிரப் வேண்டும் என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கால் ஸ்டிரப்பை விட்டு வெளியே வர மறுக்கிறது

ஆபத்து அதேதான், காரணம் நேர்மாறானது. பூட்ஸ் அகலமாக இருக்கிறது, அல்லது அடியில் ஆழமான பற்கள் இருக்கின்றன. மலையேற்ற ஷூ, கம்பூட், தொழிற்சாலைப் பாதுகாப்பு ஷூ மூன்றும் இதில் அடிக்கடி மாட்டும். பாதுகாப்பு ஷூவின் இரும்பு மூக்கு உருண்டு அகன்றிருப்பதால் ஸ்டிரப்பின் இரு பக்கமும் முட்டி நிற்கும். அடியின் வரிகள் இரண்டு மூன்று மி.மீ. ஆழத்தோடு நின்றுவிட வேண்டும்.

சேணத்தை ஒரு ஸ்டாண்டில் போட்டோ, குதிரையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதோ தரையில் நின்றபடி இதைச் செய்து பாருங்கள்:

1. பூட்ஸின் மிக அகலமான இடம் மிதியின்மேல் வரும்படி காலை வையுங்கள்.
2. பூட்ஸுக்கும் ஸ்டிரப்பின் பக்கக் கம்பிக்கும் நடுவே இருபுறமும் ஒவ்வொரு விரல் நுழைய வேண்டும். மொத்த இடைவெளி சுமார் இரண்டரை செ.மீ. பூட்ஸின் அகலம் 9.5 செ.மீ. என்றால் 12 செ.மீ. ஸ்டிரப்.
3. பாதத்தை நேராகப் பின்னுக்கு இழுங்கள். இடவலமாக ஆட்டாமல், ஒரே இழுப்பில் வர வேண்டும்.
4. அடியை நனைத்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள்.
5. ஜோத்பூர் பூட்ஸானால் கணுக்கால் வாரின் பக்கிள் வெளிப்பக்கம் இருக்கிறதா, வாரின் நுனி கொக்கிபோல் நீண்டு நிற்கவில்லையா என்று பாருங்கள். நீண்டிருந்தால் வெட்டிவிடலாம்.

வாடகைக் குதிரையில் பழகுபவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஸ்டிரப் வார் மாட்டியிருக்கும் இரும்புத் தண்டின் பின்முனையில் சின்னத் தாழ் ஒன்று இருக்கும். சவாரியின்போது அது திறந்தே இருக்க வேண்டும். அப்போதுதான் கால் சிக்கினால் ஸ்டிரப் வாரோடு சேர்ந்து கழன்று வரும். ஒரு பக்கம் ரப்பர் வளையம் மாட்டிய பாதுகாப்பு ஸ்டிரப் என்றால் அந்த வளையம் பாதத்தின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும்; வெயிலில் வெடித்திருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

இருபது நிமிடத்தில் பாதத்தின் அடி எரிகிறது, நடுப்பாதம் குடைகிறது

டிராட்டில், அதாவது குதிரையின் துள்ளு நடையில், எழுந்து உட்காரும்போது உடம்பின் எடை முழுவதும் இரண்டு விரல் அகல இரும்பில் விழுகிறது. அந்த எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிக் கொடுக்க, அடித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே குதிகாலிலிருந்து பாதத்தின் வளைவுவரை எஃகுப் பட்டை ஒன்றைச் செருகியிருப்பார்கள். செருப்புத் தொழிலில் ஷாங்க் என்பார்கள். அது இல்லாத ஷூவில் இரும்பின் விளிம்பு நேராகப் பாதத்தைக் குத்தும்.

கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு கையில் மூக்கையும் இன்னொரு கையில் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் ஆரம்பிக்கும் இடத்தில் மடிந்தால் பட்டை இருக்கிறது. நடுவில், பாத வளைவு வரும் இடத்தில் மடிந்தால் இல்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விறைப்பான உள்ளடி ஒன்று போட்டுச் சிறிது காலம் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு அது ஆகாது.

எஃகுப் பட்டை இருந்தும் எரிந்தால் பாதம் மிதியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே பாதம் அகன்று மேடாகும் இடம்தான் மிதியில் இருக்க வேண்டும். நடுப்பாதத்தில் வைத்துச் சவாரி செய்தால் எந்த பூட்ஸும் காப்பாற்றாது.

விரல்கள் மரத்துப்போகின்றன

அதே பூட்ஸில், அதே சாக்ஸில், லாயத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். நடக்கும்போதே மரத்தால் பூட்ஸ் குறுகல், அல்லது புறங்காலில் லேஸை இறுக்கிவிட்டீர்கள். நடக்கும்போது சுகமாக இருந்து, ஏறியபிறகு மட்டும் மரத்தால் பூட்ஸைக் குறை சொல்ல வேண்டாம்: பயத்தில் விரல்களை மடக்கி மிதியைப் பற்றுகிறீர்கள், அல்லது ஸ்டிரப் குட்டையாக இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்களில் விரல் மடக்காதவர்கள் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை விரல்களை பூட்ஸுக்குள் ஆட்டிப் பாருங்கள், தானாக விடும்.

வாங்கும்போது மாலையில் போய் அளவு பாருங்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிட வீங்கியிருக்கும், சவாரியிலும் வீங்கும். எழுந்து நின்றபடி, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் இருக்க வேண்டும். அந்த நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் இல்லை. பலருக்கு இரண்டாவது விரல். இணையத்தில் வாங்குபவர்கள் எண்ணை நம்பாதீர்கள். இந்திய எண், ஐரோப்பிய எண், அமெரிக்க எண் மூன்றும் வேறு. சுவரோடு குதிகாலை ஒட்டி காகிதத்தில் நின்று, பாத நீளத்தைச் செ.மீ. கணக்கில் எடுத்து, அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

குதிகால் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது

"ஹீல் டவுன்!" என்று பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்துகிறார், இறங்கவில்லை. வீட்டு மாடிப்படி போதும் இதைச் சோதிக்க. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு இறங்குகிறது? இப்போது பூட்ஸ் போட்டு அதையே செய்யுங்கள். வெறுங்காலில் இறங்கி பூட்ஸில் இறங்காவிட்டால் பூட்ஸின் கணுக்கால் பகுதித் தோல் விறைப்பு. ஒரு வாரம், தினம் அரைமணி நேரம், வீட்டிலேயே போட்டு நடங்கள். கணுக்கால் மடிப்பில் மட்டும் தோல் கண்டிஷனர் தடவுங்கள். இரண்டிலும் இறங்காவிட்டால் உங்கள் ஆடுசதைத் தசைதான் இறுக்கம். அதற்கு நீட்டிப் பழகும் பயிற்சிதான் வேண்டும். இரண்டிலும் நன்றாக இறங்கி, குதிரையின்மேல் மட்டும் இறங்காவிட்டால் ஸ்டிரப் வார் நீளமாக இருக்கிறது. எட்டாத மிதியை விரல் நுனியால் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். ஏறி உட்கார்ந்து காலைத் தளரத் தொங்கவிட்டால் மிதி கணுக்கால் எலும்பின் அருகே வர வேண்டும். அதற்கும் கீழே தொங்கினால் ஓரிரு துளை ஏற்றுங்கள்.

குதிகாலில் கொப்புளம்

நடக்கும்போது குதிகால் உள்ளே மேலும் கீழும் வழுக்குகிறது. புது பூட்ஸில் அரை செ.மீ. வரை எழும்புவது இயல்பு. அடி வளையப் பழகியதும் குறையும். அதற்குமேல் என்றால் அளவு பெரிது. லேஸ் வைத்த பேடக் பூட்ஸில் கணுக்கால் மடிப்புக்கு நேரே லேஸை ஒரு முடிச்சால் பூட்டி, அதற்குக் கீழே இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் கட்டினால் குதிகால் பின்னுக்கு உட்காரும். பக்கத்தில் எலாஸ்டிக் வைத்த வகையில் இப்படிச் செய்ய வழியில்லை. ஒல்லியான குதிகால் உள்ளவர்கள் அதனால் லேஸ் வகையையே எடுங்கள்.

சாக்ஸ் முழங்கால்வரை நீண்ட, மெல்லிய, தையல் தடிக்காத ஒன்று. தடித்த பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரத் தோல் சீக்கிரம் உரியும். வளர்கிற பிள்ளைக்கு இரண்டு எண் பெரிதாக வாங்கி சாக்ஸால் நிரப்பும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பெரிய மூக்குதான் ஸ்டிரப்பில் மாட்டும்.

ஆடுசதையின் உட்புறம் கிள்ளுகிறது, அல்லது முன் எலும்பில் கன்றுகிறது

உட்புறத்தில் சின்னச் சின்னச் செங்கோடுகள் தெரிந்தால், ஸ்டிரப் வாருக்கும் சேணத்துக்கும் நடுவில் தோல் மாட்டுகிறது. ஹாஃப் சாப்ஸ் இதற்காகவே உள்ளது. கன்றிய இடம் முன்னெலும்பில் நீளவாக்கில் ஒரு கோடாக இருந்தால் சாப்ஸ் வாங்கும் முன் ஸ்டிரப் வாரைப் பாருங்கள். அது முறுக்கி, பட்டையின் விளிம்பு காலில் படும். சரியாகத் திரும்பியிருந்தால் தட்டையாகப் படிந்திருக்கும். வாரின் பக்கிள் மேலே, தண்டோடு ஒட்டிச் சேணத்தின் மடலுக்குள் போயிருக்க வேண்டும். நடுக்காலில் நின்றால் அதுவும் கன்றவைக்கும்.

சாப்ஸுக்கு இரண்டு அளவு: ரைடிங் பேண்ட் மேல் எடுத்த, ஆடுசதையின் மிகத் தடித்த சுற்றளவு ஒன்று; உட்கார்ந்து முழங்காலை மடித்து, பின்மடிப்பிலிருந்து பூட்ஸின் கணுக்கால் மடிப்புவரை உயரம் இன்னொன்று. தோல் சாப்ஸ் விரியும், ஆகவே புதிதில் ஜிப் கஷ்டப்பட்டு மூடினால் சரியான அளவு. போட்டபிறகு சுற்றிக்கொண்டே போனால் அல்லது கீழே இறங்கினால் பெரிது. அதற்கு முன் இடது வலது மாறிவிடவில்லையே என்று பாருங்கள்: ஜிப் வெளிப்பக்கம், மேல் விளிம்பின் உயர்ந்த முனையும் வெளிப்பக்கம். ஜிப் உள்ளே வந்தால் சேணத்தோல் கிழியும். லாயத்துக்காரர் நியாயமாகவே கோபப்படுவார். பாதத்தின் அடியில் செல்லும் எலாஸ்டிக் பட்டை நடந்து நடந்து அறும். தெருமுனைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் இரண்டு செ.மீ. அகல எலாஸ்டிக் வைத்து நிமிடங்களில் தைத்துத் தருவார்.

சாப்ஸில் சேணத்தின்மேல் படும் பக்கத்தில் பாலிஷ் போடாதீர்கள். பிடிப்பு போய்விடும், சேணமும் கறையாகும்.

லாங் பூட்ஸ்: முழங்காலின் பின்னால் அறுக்கிறது, அல்லது ஜிப் மூடவில்லை

எவ்வளவு சொல்லியும் லாங் பூட்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு. புதுத் தோல் பூட்ஸ் முழங்காலின் பின்மடிப்பை லேசாகத் தொட்டு உறுத்துவது நல்ல அறிகுறி. கணுக்காலில் சுருக்கம் விழ விழ மேல்விளிம்பு இரண்டு முதல் நான்கு செ.மீ. இறங்கும். கடையில் கச்சிதமாக இருந்தது சில மாதத்தில் குட்டையாகிவிடும். அதுவரை பூட்ஸுக்குள் குதிகாலின் கீழ் ஒரு செ.மீ. தக்கை வைத்தால் கால் உயர்ந்து அறுப்பு நிற்கும். இறங்க இறங்கத் தக்கையை எடுத்துவிடலாம். ரப்பர் பூட்ஸ் இறங்காது. அதை மட்டும் இன்றைய உயரத்துக்கே வாங்க வேண்டும்.

ஆடுசதையில் ஒரு செ.மீ. அளவுக்குப் பற்றாவிட்டால் செருப்புத் தைப்பவர் அச்சில் மாட்டி விரித்துத் தரலாம். அதற்குமேல் என்றால் பின்தையலைப் பிரித்து எலாஸ்டிக் பட்டை சேர்க்க வேண்டும். அளவு கொடுத்துத் தைத்து வாங்குவது இன்னொரு வழி. சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரில் இதைச் செய்கிறார்கள். இரு காலுக்கும் தனித்தனியே பாத நீளம், முன்பாதச் சுற்று, புறங்கால் சுற்று, கணுக்கால் சுற்று, ஆடுசதைச் சுற்று, உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முழங்கால் பின்மடிப்புவரை உயரம் என ஆறு அளவு எழுதிக் கொடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம்.

ஜிப் பிய்ந்துபோகிறது

பிய்வது அநேகமாகக் கணுக்கால் மடிப்பில்தான். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால் பற்களின் இடுக்கில் மணலும் காய்ந்த வியர்வையும் சேர்ந்து சாம்பல்நிறப் பசையாக இறுகியிருக்கும். அதன்மேல் இழுவையைப் பலமாக இழுத்தால் ஒரு பல் வளையும். அடுத்த முறை அங்கேயே பிளக்கும். வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, மெழுகுவத்தித் துண்டைப் பற்களின்மேல் ஓட்டுங்கள். மூடும்போது உட்கார்ந்து, தோலின் இரு ஓரத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் இழுவையை ஏற்றுங்கள். தோலைச் சேர்ப்பது கையின் வேலை, இழுவைக்கு அந்தப் பாரம் கூடாது.

தோல் விறைத்து வெடிக்கிறது, பச்சை பூக்கிறது

குதிரையின் வியர்வை உப்பும் லாயத்தில் மிதிக்கும் சிறுநீரும் தையல் நூலைத் தின்னும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஈரத் துணியால் துடைப்பது பாலிஷைவிட முக்கியம். வாரம் ஒருமுறை சேண சோப்பு, மாதம் ஒருமுறை கண்டிஷனர். கால்நடைகளின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் நல்லதுதான், ஆனால் சில துளி போதும். ஊறவைத்தால் தோல் தொளதொளத்து உருக்குலையும். நனைந்த பூட்ஸை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய அலமாரியில் வைத்த பூட்ஸ் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட விடுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், துணிப் பை போதும்.

ஆறேழு வருடம் பெட்டியில் இருந்த பூட்ஸின் அடி பொடிகிறது

அக்கா போட்டதைத் தங்கைக்கு எடுக்கும்போதும், பழையதை மலிவாக வாங்கும்போதும் இது நடக்கும். மேல்தோல் புதுசுபோல மின்னும். இரண்டு சுற்று நடந்ததும் அடி கேக் துண்டுபோல உதிரும். பாலியூரித்தேன் அடி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். போடாமல் வைத்திருப்பது இதைத் தடுக்காது. வாங்குமுன் குதிகால் கட்டையின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பாக ஒட்டினாலோ, நகம் பதிந்த தடம் மீளாமல் துகள் உதிர்ந்தாலோ, அந்த அடியோடு குதிரை ஏறக் கூடாது. மேல்தோலும் தையலும் நன்றாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அடியை முழுதும் சுரண்டி எடுத்து ரப்பர் அடியும் இரண்டரை செ.மீ. கட்டையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். முன்முகம் நேராக இறங்க வேண்டும், வரிகள் ஆழமாக இருக்கக் கூடாது என்று கையால் காட்டிச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும், மேலே சொன்ன ஸ்டிரப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். புது அடி பழைய அடியைவிட அகலமாக வந்திருக்கலாம்.